ஒட்டுமுடியைக் கழற்றாமல் வைத்திருந்தால் சொந்த முடி வளருமா?

‘கிளிப் வைத்த ஒட்டுமுடியை ஒரு வாரம் இரவும் பகலும் கழற்றாமல் இருந்தால், அதன் எடை வேர்களைத் தூண்டிச் சொந்த முடியை நீளமாக வளர்க்கும்’ என்னும் செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது தவறு.

முடி வளர்வது தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால்களில்; மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் என்னும் அந்த வேகத்தை வெளியே தொங்கும் எடை கூட்டுவதில்லை. மாறாக, ஒரே இடத்தில் தொடர்ந்து இழுபடும் முடி வேரில் தளர்ந்து உதிரும். தொடக்கத்திலேயே இழுவையை நிறுத்தினால் பெரும்பாலும் முடி மீண்டும் வளரும் என்றாலும், நெடுநாள் நீடித்தால் மயிர்க்கால்களில் தழும்பு விழுந்து இழப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் இணையதளத்தில், முடியை இழுக்கும் சிகையலங்காரங்களைப் பற்றிய பகுதியில் இதைச் சரிபார்க்கலாம். தோல் மருத்துவரிடமும் கேட்கலாம்.

அன்றன்றே கழற்றிவிட முடிவதுதான் கிளிப் வகையின் நன்மை. இச்செய்தி அதையே கெடுக்கிறது. புதிதாக அணிபவர்கள் நெற்றியோரத்து மெல்லிய முடியைத் தவிர்த்து, வகிடெடுத்துப் பிரித்த அடர்த்தியான பகுதியில், தலைத்தோல் இழுபடாதபடி கிளிப்பைப் பொருத்த வேண்டும். திருமணப் பின்னலில் மல்லிகைச் சரமும் சேரும்போது எடை இன்னும் கூடும் என்பதை அலங்காரம் செய்பவர்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். உறங்கும் முன் ஒவ்வொரு கிளிப்பையும் திறந்தே எடுக்க வேண்டும். பூட்டியபடி இழுத்தால் சொந்த முடி அறுந்து வரும்.

இச்செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து பிறருக்கு அனுப்பாமல், அனுப்பியவருக்கு இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.