ட்ரோனுக்கும் அதே கலவையா? வேண்டாம் அண்ணே

“ட்ரோன்ல அடிச்சா மருந்து பாதி போதும், கைத்தெளிப்பானுக்குக் கலக்குற அளவுலயே கலந்தா சரி”ன்னு மேல ஒரு அண்ணன் போட்டிருக்காரு. மேலூர்ப் பக்கம் நெல்லுக்கு இதை நம்பி அடிச்சா பூச்சி சாகாது.

குறையுறது தண்ணிதான், மருந்து இல்ல. ஏக்கருக்கு 200 மில்லி மருந்தை 200 லிட்டர் தண்ணில அடிக்கச் சொல்லியிருந்தா, கைத்தெளிப்பானோட 16 லிட்டர் டேங்குக்கு 16 மில்லி. ட்ரோன் ஒரு ஏக்கருக்கு 10 லிட்டர்தான் தெளிக்கும். அதே கணக்குல கலந்தா வயலுக்குப் போறது வெறும் 10 மில்லி, அதாவது இருபதுல ஒரு பங்கு. அந்த 10 லிட்டர்லயே முழு 200 மில்லியும் இருக்கணும்.

கலவை இவ்வளவு கெட்டியாகுறதால மூணு நாலு மருந்தை ஒண்ணாக் கலக்காதீங்க, திரிஞ்சு நாசில் அடைச்சுக்கும். தூள் மருந்தைத் தனி வாளில கரைச்சு, துணில வடிகட்டி ஊத்துங்க. லேபிள்ல ட்ரோனுக்கு அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு.

களைக்கொல்லினா இன்னும் கவனம். பயிருக்கு மேல ரெண்டு, மூணு மீட்டர் உயரத்துக்குள்ள பறக்கணும், காத்து மணிக்கு 10 கிலோமீட்டர் தாண்டினா நிறுத்தணும். இல்லேன்னா பொடித்துளி வரப்பு தாண்டி அடுத்தவர் மல்லித் தோட்டத்துல இறங்கி இலை கருகும், அப்புறம் பஞ்சாயத்துதான்.

ஓட்டுறவர்கிட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் (ட்ரோன் ஓட்டுறதுக்கான சான்றிதழ்) இருக்கான்னு கேளுங்க. அவனியாபுரம், வலையங்குளம் பக்கம்னா மதுரை ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு. எங்க ட்ரோன் பறக்கலாம்னு காட்டுற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல அனுமதி பார்க்காம ட்ரோனைத் தூக்கவே கூடாது.