துருப்பிடித்த குண்டு செத்த குண்டு அல்ல

“லாவோஸில் அமெரிக்கா குண்டு வீசி ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன, மிச்சம் கிடப்பவை துருப்பிடித்துச் செயலிழந்துவிட்டன” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. நம்பினால் உயிரையே பறிக்கக்கூடிய தவறு.

1964 முதல் 1973 வரை அந்நாட்டின்மீது 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகள் வீசப்பட்டன. அவற்றில் சுமார் 27 கோடி, வானிலேயே திறந்து சிதறும் கொத்துக்குண்டுகளுக்குள் இருந்த சிறுகுண்டுகள். இச்சிறுகுண்டுகளில் ஏறக்குறைய 30 சதவீதம் அன்று வெடிக்கவில்லை என்பது மதிப்பீடு.

துரு தின்பது மேல் ஓட்டைத்தான். உள்ளே இருக்கும் வெடிமருந்து பல பத்தாண்டுகளுக்கு வீரியம் இழப்பதில்லை. வெடிதூண்டியோ நாளாக நாளாக இன்னும் நிலையற்றதாகலாம். லாவோ மக்கள் ‘பொம்பி’ என்றழைக்கும் சிறுகுண்டு டென்னிஸ் பந்தளவே இருக்கும். மண் அப்பிய அந்த உருண்டையைக் குழந்தை பந்தென்று எடுக்கிறது; உழவனின் மண்வெட்டி அதில் படுகிறது; குளிருக்கு மூட்டிய தீ, அடியில் புதைந்திருப்பதைச் சூடேற்றி வெடிக்க வைக்கிறது. போருக்குப் பின் பிறந்தவர்கள் இப்படித்தான் கைகால்களை இழக்கிறார்கள்.

அகற்றும் பணியும் முடிந்துவிடவில்லை. உலோகம் கண்டறியும் கருவியோடு வயலை அடியடியாகச் சோதித்து, அகப்படுவதைப் பெரும்பாலும் அந்த இடத்திலேயே வெடித்து அழிக்கிறார்கள். 2010இல் நடைமுறைக்கு வந்த கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தம், பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவமும் மறுவாழ்வும் வழங்குவதை உறுப்பு நாடுகளின் கடமையாகவே வைத்திருக்கிறது. லாவோஸ் தலைநகர் வியந்தியானில் உள்ள கோப் மையம் செயற்கைக் கால்கள் கிடைக்க உதவுகிறது. அந்தத் தேவை இன்றும் தொடர்கிறது.