286 பெயர்களில் இல்லாத பொடியன்

அந்தக் குரல் பதிவை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். கனடாவில், ஸ்காபரோவில் பிள்ளைகளை ஐஸ் ஹொக்கிக்குக் கூட்டிக்கொண்டு போகிற தாய்தகப்பன்மாரின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கிழமை முழுக்க அதுதான் சுற்றுகிறது. பேசியவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. அவர் பேசியது என் மருமகனைப் பற்றி, என் அக்காவின் மகன். அணித் தேர்வில் விடுபட்ட 14 வயதுப் பொடியனைப் பற்றி, அவனுடைய தாயும் இருக்கிற குழுவிலேயே, "உயரம் வராதவனுக்கு இந்த விளையாட்டில் எதிர்காலம் இல்லை, காசைக் கரியாக்காமல் படிக்க விடுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். "உண்மை அண்ணை" என்று பதில்கள்.

உண்மை இல்லை அண்ணை. இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே அது உண்மை இல்லை.

மார்ட்டின் சென் லூயியைத் தெரியுமா? மொன்றியலுக்குப் பக்கத்தில் லவால் என்ற ஊரில் 1975இல் பிறந்தவர். உயரம் 5 அடி 8 அங்குலம். 1993இல் கியூபெக் நகரத்தில், அவருடைய சொந்த மாகாணத்தில், வட அமெரிக்காவின் மிகப் பெரிய ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைப் பெயர் சொல்லி எடுக்கிற நிகழ்ச்சி, நடந்தது. 26 அணிகள், 11 சுற்று, மொத்தம் 286 பெயர்கள். அதில் ஒன்றாகக்கூட அவருடைய பெயர் இல்லை. அதே டிராஃப்டில் முதலாவதாக ஒட்டாவா எடுத்தது அலெக்சாண்டர் டேகிலை. அவரும் 1975இல் பிறந்தவர், அவரும் கியூபெக் பொடியன். உயரம் இருந்தது, வேகம் இருந்தது, ஒரு என்எச்எல் ஆட்டம்கூட ஆடாமல் ஐந்து வருடத்துக்கு ஒரு கோடி டொலருக்கு மேல் ஒப்பந்தம் கிடைத்தது. டேகிலை நான் குறை சொல்லவில்லை. 18 வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு நகரத்தையே ஏற்றிவிட்டார்கள், அதற்கு அவர் என்ன செய்வார். என்எச்எல்லில் 616 ஆட்டங்கள் ஆடி 327 புள்ளிகளோடு (கோல் அடித்தால் ஒன்று, கோலுக்கு உதவினால் ஒன்று) முடித்தார்.

சென் லூயி அமெரிக்காவில் வெர்மொன்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நான்கு வருடத்தில் 267 புள்ளிகள். அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியின் மிகப் பெரிய விருதான ஹோபி பேக்கருக்கு மூன்று தடவை இறுதிப் பட்டியலில் வந்தார். அப்போதும் ஒருவரும் எடுக்கவில்லை. ஒட்டாவா பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் கொடுக்காமல் அனுப்பியது. ஆமாம், டேகிலை முதலாவதாக எடுத்த அதே ஒட்டாவா. பிறகு கிளீவ்லண்டில் கீழ்நிலை லீக் ஒன்றில் 56 ஆட்டங்களில் 50 புள்ளிகள் எடுத்தார். 1998இல் என்எச்எல் அணியான கல்கரி ஒப்பந்தம் செய்தது. செய்துவிட்டுச் சென்ட் ஜோனில் இருந்த தன் கீழ் அணிக்கு அனுப்பியது. மேலே கூப்பிட்ட முதல் பருவத்தில் 13 ஆட்டங்கள், ஒரு கோல். அடுத்த பருவம் 56 ஆட்டங்கள், 3 கோல்.

அந்த 3 கோலைப் பார்த்துத்தான் நம்முடைய ஆட்கள் தீர்ப்பு எழுதுவார்கள். கல்கரியும் அதைத்தான் செய்தது. 2000ஆம் ஆண்டு கொலம்பஸ், மினசோட்டா என்று இரண்டு புது அணிகள் லீக்கில் சேர்ந்தன. மற்ற அணிகள் பாதுகாக்காமல் விட்ட ஆட்களில் இருந்து அவை ஆள் பொறுக்கலாம். கல்கரி சென் லூயியைப் பாதுகாக்கவில்லை. வெறுங்கையோடு தொடங்கிய அந்த இரண்டு அணிகளுக்கும்கூட அவர் வேண்டாமாம். கடைசியில் மிச்ச ஒப்பந்தத்துக்குக் காசு கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு 25 வயது.

25 வயது. நம்முடைய பொடியனுக்கு 14.

அந்த யூலை கடைசியில் தம்பா பே எடுத்தது. அப்போது தம்பா லீக்கின் அடிமட்டத்தில் கிடந்த அணி. இழக்க ஒன்றும் இல்லாத இடம். அங்கேதான் அவருக்கு ஆட நிமிடங்கள் கிடைத்தன. முதல் பருவத்தில் 18 கோல். அடுத்த பருவம் கால் முறிந்தது. அதற்கு அடுத்தது 33. 2003-04 பருவத்தில் 94 புள்ளிகள், லீக்கிலேயே அதிகம். அதிகப் புள்ளிகளுக்கான ஆர்ட் ரொஸ், பருவத்தின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட், இரண்டு விருதுகளும் அவருக்கு. அந்த வருடம், லீக்கின் சாம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கிண்ணத்தின் இறுதியில் எதிரே நின்றது யார்? கல்கரி! ஆறாவது ஆட்டம் கல்கரியில். அதை வென்றால் கிண்ணம் கல்கரிக்கு. இரண்டாவது மேலதிக நேரம் தொடங்கி 33ஆவது செக்கனில் கோல் அடித்துத் தம்பாவை உயிரோடு வைத்தவர், அவர்கள் காசு கொடுத்து அனுப்பிய அந்தக் கட்டை ஆள். ஏழாவது ஆட்டத்தில் தம்பா வென்றது.

சரி, ஒன்றைக் கேட்கிறேன். 2000க்கும் 2004க்கும் இடையில் அவர் உயரம் வளர்ந்ததா? அதே 5 அடி 8 அங்குலம்தான். மாறியது அவரைப் போட்ட இடம், கொடுத்த நிமிடங்கள், பார்த்த கண். ஒரு வீரனின் தொடக்க வருடங்களை எடுத்துப் பார்த்தால் அவனைத் தேர்வு செய்தவர்களைப் பற்றித்தான் அதிகம் தெரியும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தொடக்கத்தை வைத்துப் பிள்ளையை எடைபோடாதீர்கள்.

இப்போது வருவார்கள். "இது லட்சத்தில் ஒருவர் கதை, மிச்சப் பேர் எங்கே?" தெரிந்த கேள்விதான். அதற்கும் வருகிறேன். வெர்மொன்டில் சென் லூயியோடு ஒரே அணியில் கோல் காத்தவர் டிம் தோமஸ். அவரை 1994இல் 217ஆவதாக எடுத்தார்கள், எடுத்துவிட்டு மறந்தார்கள். பின்லாந்துக்கெல்லாம் போய் ஆடிவிட்டு, முதல் என்எச்எல் ஆட்டம் ஆடும்போது வயது 28. 2011இல் பொஸ்டன் ஸ்டான்லி கிண்ணம் வென்றபோது தொடரின் சிறந்த வீரர் அவர்தான், 37 வயதில். ஒரே கல்லூரி, ஒரே காலம், ஒரே உடைமாற்றும் அறை. அங்கேயே இரண்டு பேரைப் பார்க்கத் தவறியிருக்கிறார்கள் என்றால், யாரும் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை உங்களால் சொல்ல முடியுமா? வென்றவரை எண்ணிவிட்டு மிச்சப் பேருக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டுகிறீர்கள். மிச்சப் பேருக்கு ஐஸில் இடமே கொடுக்கவில்லையே.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த விசயம் இல்லை. ஊரில் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது எங்களைச் சுவர் ஓரமாக நிற்க வைத்தார்கள். பந்தைத் தொடச் சொல்லவில்லை. உயரமானவர்களைக் கையைக் காட்டி முன்னால் கூப்பிட்டார்கள், எங்களை வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். நான் நன்றாக ஆடியிருப்பேனா? தெரியாது. அதுதான் இன்றுவரைக்கும் உள்ளே கிடந்து உறுத்துகிறது. ஆடித் தோற்றிருந்தால் ஒரு பதில் கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்தது சுவர் மட்டும். அதனால் மருமகன் தேர்வுப் பட்டியலில் தன் பெயரைத் தேடிவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்தபோது நான் அமைதியாக இருக்கவில்லை என்று யாராவது குறை சொன்னால், சொல்லிக்கொள்ளுங்கள்.

"14 வயதில் உடலால் மோதுகிற ஆட்டம் தொடங்கிவிடும், சின்னப் பிள்ளை அடிபடுவான்" என்கிறார்கள். அடிபடலாம். உயரமான பிள்ளைக்கும் அடிபடுகிறது. மோதலை எப்படி வாங்குவது, தலையை நிமிர்த்திக்கொண்டு எப்படிச் சறுக்குவது என்று சொல்லிக்கொடுக்கத்தானே பயிற்சியாளர் இருக்கிறார்.

காசு விசயத்தில் மட்டும் நான் வாயை மூடுகிறேன். சப்பாத்து, மட்டை, ஐஸ் வாடகை, வெளியூர்ப் போட்டி, எல்லாம் சேர்த்தால் இரண்டு வேலை செய்கிற குடும்பத்துக்கும் மூச்சு முட்டும். அதை ஒரு தகப்பன் தன் வீட்டுக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்கட்டும். ஆனால் அந்தக் குரல் பதிவில் காசு ஒரு சாட்டுத்தான். பிள்ளையின் உடம்பைத்தான் எடைபோட்டார்.

"படிக்க விடுங்கோ" என்றதும் அப்படித்தான். படிப்பும் விளையாட்டும் ஒன்றையொன்று தின்னும் என்று யார் சொன்னது? சென் லூயி பல்கலைக்கழக அணியில் ஆடித்தான் மேலே வந்தார். புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளையை "இது சரிவராது" என்று ஓரம் கட்டிப் பழகிய வாய் அது. கடல் தாண்டி வந்தும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வரவில்லை. பிள்ளை முடிவெடுக்கும் முன்னமே ஊர் முடிவெடுத்துவிடும். அப்புறம் அந்தப் பிள்ளை வாய் திறக்காமல் இருந்தால், "இவன் ஏன் ஒன்றும் கதைக்கிறான் இல்லை" என்று அதற்கும் ஒரு குழுவில் கதைப்பார்கள்.

இன்னொன்று. வென்று காட்டிவிட்டால் இந்த வாய்கள் அடங்கும் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அடங்காது. 2013இல் 37 வயதில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தார் சென் லூயி. அடுத்த வருடம் சோச்சி ஒலிம்பிக்குக்குக் கனடா அணி அறிவித்தபோது முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பட்டியலைப் போட்டவர் ஸ்டீவ் ஐசர்மன், தம்பாவிலேயே அவருக்கு மேலாளர். ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் காயத்திலிருந்து தேறாமல் விலகிய பிறகுதான் இவரைக் கூப்பிட்டார்கள். போனார், தங்கத்தோடு திரும்பினார், பிறகு வேறு அணிக்கு மாற்றச் சொல்லி நியூயோர்க் போய்விட்டார். அவருடைய கோபத்தை நான் முழுமையாக விளங்கிக்கொள்கிறேன். 1,033 புள்ளிகள் எடுத்து 2018இல் ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேம் என்ற புகழ்பெற்றோர் பட்டியலில் ஏறிய மனிதனுக்கே இது நடந்தது.

ஆகவே மருமகன் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவனுக்குச் சறுக்கப் பிடிக்கும், பக் என்கிற அந்த வட்டைத் துரத்தப் பிடிக்கும், அது போதும். அடுத்த பருவமும் ஆடுவான். தேர்வு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கிற ஹவுஸ் லீக்கில் என்றால் ஹவுஸ் லீக்கில். கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவனுடைய உயரத்தைப் பற்றிக் கதைக்க விரும்புகிறவர்கள் இனி என்னிடம் நேரே கதையுங்கள். அவன் தாய் இருக்கிற குழுவில் வேண்டாம்.