தலைத்தோல் மடிப்பும் அறுவை சிகிச்சையும்: ஒரு திருத்தம்

“தலைத்தோல் மூளை போல் மடிந்து தடித்தால் உடனே அறுத்துவிட வேண்டும், ஒரே அறுவையில் வேரோடு போய்விடும்” என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு.

கியூட்டிஸ் வெர்டிசிஸ் கைரேட்டா எனப்படும் இந்த அரிய நிலை பெரும்பாலும் பருவ வயதுக்குப் பின் ஆண்களுக்கு வருகிறது. விரலால் இழுத்தாலும் மடிப்பு நிமிராது. வேறு நோய் எதுவும் இல்லாவிட்டால், பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் தங்காமல் கழுவி உலர்த்துவதே பலருக்குப் போதும். தோற்றம் மனத்தை வாட்டினால் அறுவை உண்டு. அது அவரவர் விருப்பம்.

முதலில் காரணத்தைத் தேட வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் அக்ரோமெகாலியால் வந்திருந்தால், கத்தியை எடுக்கும் முன் அதற்குத்தான் வைத்தியம். பிறவி மச்சமே இப்படி மடிந்திருந்தால் கதை வேறு: அதில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு இருப்பதால் தோல் மருத்துவரின் கண்காணிப்பு தேவை, அகற்றுவதும் பரிசீலிக்கப்படும்.

சிறு பகுதி என்றால் வெட்டித் தைத்துவிடலாம். பரப்பு பெரிதென்றால், பக்கத்துத் தோலுக்கடியில் உப்புநீர்ப் பையை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக நிரப்பி, விரிந்த தோலால் மூடுவார்கள். ஒட்டுத்தோல் வைத்தால் அங்கே முடி முளைக்காது. தழும்பு நிச்சயம். விட்டுவைத்த இடத்தில் மடிப்பு தொடரவும் கூடும்.

இந்த அறுவையால் மூளைக்கு ஆபத்து வருமோ என்று பயப்படுபவருக்கு: வெட்டுவது மண்டையோட்டுக்கு மேலுள்ள தோலைத்தான்.