'ஓரிரு இடங்களில்' உங்கள் மொட்டை மாடி வராது

வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே எனக்குத் தலைவலி. மழையால் இல்லை, மழை அறிவிப்பைப் படிக்கிறவர்களால். "ஓரிரு இடங்கள்ல மழைன்னான், இங்க ஒரு சொட்டு இல்ல" என்று குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒருவர் ஆரம்பிப்பார். உடனே ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை.

ஐயா, அந்த அறிவிப்பு தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மொத்தத்துக்கும் சேர்த்து எழுதியது. உங்கள் மொட்டை மாடிக்குத் தனியாக யார் எழுதுவார்கள்? இந்திய வானிலைத் துறை அந்தச் சொற்களுக்குக் கணக்கே வைத்திருக்கிறது. மழை பதிவாகும் நிலையங்கள் நூற்றுக்கு 25 வரை இருந்தால் 'ஓரிரு இடங்கள்'. 50 வரை 'சில', 75 வரை 'பல', அதற்கு மேல் 'பெரும்பாலான'. அதாவது கால்வாசி மாநிலம் நனைந்தாலும் அது 'ஓரிரு'தான்! எங்கோ ரெண்டு ஊர் என்று நினைத்துக் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போய் நனைந்து வருகிறவர்களும் இவர்களேதான்.

படிக்கிறவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? எந்த டிவியாவது இந்தக் கணக்கை ஒரு வரி போடுகிறதா? 'ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு' என்று வந்ததில் முதல் ரெண்டு சொல்லையும் கடைசிச் சொல்லையும் வெட்டிவிட்டு, 'கனமழை' என்று மட்டும் சிவப்பில் ஓட விடுவார்கள். அப்புறம் நாளைக்குப் பள்ளி லீவா என்று ஊரே கேட்கும்.

இந்த 'மிதமான' இருக்கிறதே, அதைச் சொன்னால் இன்னும் வயிறு எரியும். 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை பெய்தால் மிதமான மழை. 64.5 தொட்டால்தான் கனமழை. அந்த 60 மி.மீ. நாள் முழுக்கத் தூறினாலும் மிதம், ஒரே மணி நேரத்தில் கொட்டித் தெருவை மூழ்கடித்தாலும் மிதம்! வால்பாறையில் 60 மி.மீ. பெய்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வேளச்சேரியில் மேகம் கறுத்தாலே காரை மேம்பாலத்தில் ஏற்றுகிறார்கள். அவர்களிடம் போய் 'மிதமான' என்று சொல்லிப் பாருங்கள்.

நகைக்கடை விளம்பரத்துக்குத் திரையில் பாதி இடம் இருக்கிறது. 'ஓரிரு' பக்கத்தில் 'நூற்றுக்கு 25 வரை' என்று போட மட்டும் இடமில்லையாம்.