ஈர பூட்ஸை ஹீட்டர் மேல கவுக்காதீங்க!

பனிச்சறுக்கு ரிசார்ட்டுக்கு சீசன் வேலைக்கு வர்றவங்களே, ஊழியர் விடுதியில இருக்கிற உலர்த்தும் அறையை இன்னும் எத்தனை தடவைதான் பாழாக்குவீங்க? ஈர ஸ்கீ பூட்ஸை அப்படியே ஹீட்டர் மேல கவுத்துட்டுப் போனா எப்படிக் காயும்? வெளி ஓடு பிளாஸ்டிக். சூட்டுல நெளிஞ்சுடும். உள்ள இருக்கிற லைனர், அதாவது மெத்துன்னு இருக்கிற உள்ளுறை மட்டும் விடிஞ்சாலும் ஈரமாவே கிடக்கும். லைனரை உருவி, அதுக்குள்ள பாதத்துக்கு அடியில இருக்கிற இன்சோலையும் எடுத்துத் தனியா வைக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? அதையும் வந்த உடனே செய்யணும். ஓடு குளிர்ல விறைச்சுட்டா லைனரை உருவறது பெரும்பாடு. காஞ்சதும் திரும்பப் போட்டு, பக்கிளை லேசா மாட்டி வைங்க, ஓடு வடிவம் மாறாது.

சத்தம் போடுதுன்னு எக்ஸாஸ்ட் ஃபேனை அணைக்கிறது அதைவிடக் கொடுமை! ஈரக் காத்து வெளிய போகலேன்னா, அறை எவ்வளவு சூடா இருந்து என்ன புண்ணியம்? பூஞ்சை நாத்தம்தான் மிச்சம். ஸ்கீ பலகை ரெண்டையும் துடைக்காம சேர்த்துக் கட்டி மூலையில சாத்தறீங்களே, விளிம்பு எஃகு துருப்பிடிக்காம என்ன செய்யும்?

அடுத்தவங்க கையுறையைக் கொக்கியில இருந்து கழட்டித் தரையில போட்டுட்டு, அதே கொக்கியில சொட்டச் சொட்ட ஜாக்கெட்டை மாட்ட எப்படித்தான் மனசு வருதோ!