96 மணி நேரம் உயிரோடு இருந்தால் போதுமா?

ஏரியில் மீன் செத்து மிதந்தால்தான் நமக்குச் செய்தி. வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கிய மீன்களின் படம் பேப்பரில் வரும், அதிகாரிகள் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போவார்கள், அடுத்த வாரம் எல்லோரும் மறந்துவிடுவோம். மீன் மிதக்காவிட்டால் தண்ணீர் நல்ல தண்ணீர். சட்டத்தின் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். நம் நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், கழிவுநீரை வெளியே விடுவதற்கான பொது வரையறைகளில் ஒரு வரி உண்டு: வேறு தண்ணீர் கலக்காத கழிவுநீரில் மீன்களை விட்டு, 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு இருந்தால் பாஸ்.

அந்தச் சோதனையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உடனடியாகக் கொல்லும் விஷத்தை அது பிடித்துவிடும். ஆனால் நாலு நாளில் சாகாத மீன் பிறகு சினை பிடித்ததா, குஞ்சு பொரித்ததா, அந்தக் குஞ்சு எப்படி வளர்ந்தது என்று அந்த வரி கேட்பதே இல்லை.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில், அங்குள்ள 260ஆம் எண் ஏரியில் கேரன் கிட் என்ற ஆய்வாளரின் குழு கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது செயற்கைப் பெண் ஹார்மோனைக் கலந்தது. லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு நானோகிராம். ஏரியில் இருந்த ஃபேட்ஹெட் மின்னோ என்ற சின்ன மீனின் ஆண்களுக்கு உடம்பில் விட்டலோஜெனின் ஊற ஆரம்பித்தது. முட்டையின் மஞ்சள் கருவுக்காகப் பெண் மீனின் ஈரல் தயாரிக்கும் புரதம் அது. ஆணுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. விந்தகம் சரியாக வளரவில்லை. சிலவற்றில் விந்தகத்துக்குள்ளேயே முட்டைச் செல்கள் தென்பட்டன. மீன் எதுவும் கொத்துக் கொத்தாகச் செத்து மிதக்கவில்லை. குஞ்சு வரவில்லை, அவ்வளவுதான். சில வருடமே ஆயுள் உள்ள மீன் ஆதலால் கிழடு தட்டியவை போகப் போக, அந்த இனமே ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது. சின்ன மீனைத் தின்று வாழ்ந்த ட்ரௌட் என்ற பெரிய மீனுக்கும் இரை இல்லாமல் போனது. நம் 96 மணி நேரச் சோதனையில் அந்த ஏரித் தண்ணீர் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் ஆகியிருக்கும்.

மருந்து கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் மின்னோக்கள் மறுபடி பெருகின என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டுப் பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் தப்பிப் பிழைத்து இனம் பெருக்கிவிட்டால் விவகாரம் முடிந்தது என்றும் இல்லை. நாக்கு மீன் தெரியுமல்லவா? தட்டையாக, இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்குமே, அது. அதில் ஒரு வகையைச் சீனாவில் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். பெண் மீன் ஆணைவிட மிகப் பெரிதாக வளரும், ஆகவே பண்ணைக்காரருக்குப் பெண்தான் வேண்டும். பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் இதில் கோழிக்கு இருப்பது போல: இசட் இரண்டு இருந்தால் ஆண், இசட்டும் டபிள்யூவும் இருந்தால் பெண். சாதாரண வெப்பநிலையிலேயே, மரபுப்படி பெண்ணான குஞ்சுகளில் 14 விழுக்காடு ஆணாக மாறிவிடும். பால் முடிவாகும் பருவத்தில் 28 டிகிரித் தண்ணீரில் வைத்தால் 73 விழுக்காடு. இதுவரை சூட்டின் வேலை. அப்படி மாறிய ‘ஆண்’ அப்பனாகி, அதன் பிள்ளைகளைச் சாதாரணத் தண்ணீரில் வளர்த்துப் பார்த்தார்கள். மரபுப்படி பெண்ணாக இருந்தவற்றில் 94 விழுக்காடு ஆணாயின! அந்தக் குஞ்சுகள் ஒருநாளும் சூடு கண்டதில்லை. 2014இல் வெளியான ஆய்வு இது. இதைப் படித்ததும் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

டிஎன்ஏவின் எழுத்து மாறவில்லை. எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதைக் காட்டும் மெத்தில் குறிகள் அதன்மேல் ஒட்டியிருக்கும், மாறியவை அவைதான். நம்மைப் போன்ற பாலூட்டிகளில் கரு உருவானதும் பெற்றோரிடமிருந்து வந்த குறிகளில் பெரும்பகுதி துடைக்கப்படுகிறது. மீன் தொட்டிக் கடைகளில் துள்ளித் திரியும் சீப்ரா மீனில் அந்த ஒட்டுமொத்தத் துடைப்பு இல்லை, கரு தகப்பன் விந்தில் இருந்த குறியமைப்பையே எடுத்துக்கொள்கிறது என்று 2013இல் தெரியவந்தது. எல்லா மீனும் அப்படியில்லை. ஜப்பானிய மெடாகா என்ற சின்ன மீனில் துடைப்பு நடக்கிறது. ஆனாலும் அதன் கருக்களை முதல் 7 நாள் மட்டும் பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருளில் அல்லது அதே கருத்தடை ஈஸ்ட்ரோஜனில் வைத்து, பிறகு சுத்தமான தண்ணீரில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது, பேரன் தலைமுறையில் முட்டை கருக்கட்டுவது குறைந்தது. கொள்ளுப்பேரன் தலைமுறையில் கருக்கள் பிழைப்பது குறைந்தது.

நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது ஆக்சிஜன் குறைவு. குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் விடியற்காலையில் கரைக்குப் போய் நிற்பது இதற்குத்தான். இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் தண்ணீரில் மிச்சம் இருப்பது கொஞ்சம். மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போட்டுவிட்டு, வெயில் ஏறியதும் அவை கீழே போய்விட்டால் ‘தப்பிச்சுது’ என்று மூச்சு விடுவார்கள். சாக்கடை கலக்கும் ஏரியில் ஏரேட்டர் போட யாரும் இல்லை. ஹாங்காங்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கடல் மெடாகாவை ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் வளர்த்தார்கள். அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நல்ல தண்ணீரிலேயே வளர்ந்தன. அப்படியும் ஆண்களில் விந்தணு குறைந்தது, இருந்த விந்தணுவின் துடிப்பும் குறைந்தது. செத்து மிதக்கும் மீனை எண்ணுகிற நாம், மிதக்காமல் தப்பிய மீனை எந்தக் கணக்கில் சேர்க்கிறோம்?

‘மீன் பால் மாறுவது இயற்கைதானே’ என்று ஒருவர் கமெண்டில் வருவார், தெரியும். ஆமாம், நம் கொடுவாவே முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாகிற மீன்தான். அது காலம் பார்த்து மாறுகிறது, மாறிய பிறகு முட்டையும் இடுகிறது. ஏரி 260இல் நடந்தது அது இல்லை. அப்புறம், ‘மீன் தின்றால் ஆண்மை போகும்’ என்று இந்தப் பதிவை வாட்ஸப்பில் சுற்றவிட்டுவிடாதீர்கள். நான் பேசுவது மீனின் வாரிசைப் பற்றி. மீன் குழம்புக்கு இதில் சம்பந்தம் இல்லை.

வேறு என்ன செய்யலாம் என்று கேட்டால், வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீர் விடும் இடங்களில் ஆண் ட்ரௌட் மீன்களைக் கூண்டில் வைத்து, சில வாரம் கழித்து ரத்தத்தில் விட்டலோஜெனின் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏகமாக ஏறியிருந்தது. பிறகு 1998இல் வெளியான ஆய்வில், ஏர், நேன் ஆறுகளில் கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே பிடித்த ஆண் ரோச் மீன்கள் அத்தனையிலும் பெண் தன்மை தெரிந்தது. இன்று 21 நாளில் முடிகிற, உலகம் ஒப்புக்கொண்ட மீன் இனப்பெருக்கச் சோதனையே இருக்கிறது: எத்தனை முட்டை இட்டது, ஆணின் உடம்பில் மஞ்சள் கருப் புரதம் இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். எல்லா ஆலைக்கும் முடியாது என்றால், மருந்து ஆலை, சாயப்பட்டறை, பெருநகரச் சுத்திகரிப்பு நிலையம் என்று இவற்றுக்காவது முதலில் கொண்டுவரட்டும். நாலு நாளோடு கூடுதலாகப் பதினேழு நாள், ஒரு துளி ரத்தம்.